குடும்பப் பெயர் கட்டாயம் என்று எழுதியது யார்?

படிவம் நிரப்புவது, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு ஓர் உபதொழிலாகவே ஆகிவிட்டது. பள்ளிச் சேர்க்கை, எரிவாயு இணைப்பு, வாடகை ஒப்பந்தம், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், பிள்ளைகளின் மேற்படிப்பு என்று எதை எடுத்தாலும் முதலில் பெயரைத்தான் கேட்கிறார்கள். முன்பு காகிதத்தில் கேட்டார்கள், இப்போது திரையில் கேட்கிறார்கள். காகிதப் படிவத்தில் கட்டத்துக்கு வெளியேயும் எழுதலாம், அடித்துவிட்டு மேலே எழுதலாம், மேசைக்கு அந்தப்புறம் இருக்கும் குமாஸ்தாவிடம் "சார், எங்களுக்கு இனிஷியல் முன்னாடி வரும்" என்று சொல்லிப் புரியவைக்கலாம். திரையிடம் இதெல்லாம் நடக்காது. குடும்பப் பெயர் என்ற பெட்டி காலியாக இருந்தால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அதற்கு மேல் படிவம் நகராது.

அந்தச் சிவப்பு வரி எங்கிருந்து வருகிறது, அதை எழுதுவது யார், அதை மாற்ற முடியுமா என்பதைப் பற்றி நம் சங்க மலரில் யாரேனும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் இணையத்தளங்களின் திரைகளை அமைக்கும் தொழிலில் இருப்பவன். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மேல் குற்றம் இல்லை. கண்டிப்பான வகை வரையறைகளின் மேலும் குற்றம் இல்லை. அந்த வரையறையை எழுத உட்கார்ந்தவர் நம்மைப் போன்ற ஒருவரை மனத்தில் நினைக்கவில்லை, அவ்வளவுதான். இன்று அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதால், இது நாம் பேசவேண்டிய விஷயம்.

வகை என்றால் என்ன என்பதை எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். எங்கள் குடும்பம் இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையில் இருந்தது. குமிளியிலிருந்து மூணாறு போகும் சாலையில், கம்பம் பள்ளத்தாக்குக்கு நேர் மேலே இருக்கும் ஏலமலை ஊர். பக்கத்துச் செல்லார்கோவிலில் நின்றால் கீழே தமிழ்நாட்டு வயல்கள் பாய் விரித்தது போலத் தெரியும். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மேலே ஏறியவர்கள் நாங்கள். எங்கள் பேச்சில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். செடியில் விளைவது ஏலம், அதை விலை கூறி விற்பதும் ஏலம். "ஏலம் ஏலத்துக்குப் போயிருக்கு" என்று எங்கள் வீட்டில் சொன்னால் சிறு குழந்தைக்கும் புரியும். கேட்கும் மனிதனுக்கு இடம் பொருள் தெரியும், ஆகவே குழப்பம் இல்லை. கம்ப்யூட்டருக்கு இடம் பொருள் எதுவும் தெரியாது. அதற்கு ஏலம் என்பது வெறும் எழுத்துக்கோவை, அவ்வளவே. இது விளைபொருள், அது விற்பனை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் வகை வரையறை.

ஊர்ப் பெயரும் இதே கதைதான். கேரளத்தில் ஆனைக்கரை இரண்டு உண்டு. ஒன்று எங்களுடையது. மற்றொன்று பாலக்காடு மாவட்டத்தில், மலப்புறத்தை ஒட்டி இருப்பது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதனின் ஊர் அது. நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமி அவருடைய மகள். இவை போதாதென்று கொள்ளிடத்தின் மேல் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இருக்கும் அணைக்கரையும் உண்டு. ஆங்கிலத்தில் அவசரமாக எழுதினால் மூன்றும் ஒன்றுபோல்தான் தெரியும். ஒரு திரையில் ஊர் என்பதை வெறும் எழுத்துக்கோவை என்று வரையறுத்தால் மூன்று ஊரும் ஒரே ஊர். மாவட்டமும் அஞ்சல் குறியீடும் சேர்ந்த ஒன்றுதான் ஊர் என்று வரையறுத்தால் 685 என்று தொடங்குவது இடுக்கி, 679 என்று தொடங்குவது பாலக்காட்டுப் பக்கம் என்று பிரிந்துவிடும். வரையறைக்கு நான் ஏன் இவ்வளவு ஆதரவு என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி இணையத்தில் இது எப்படி வந்தது என்று சுருக்கமாகப் பார்ப்போம். இணையப் பக்கங்களுக்கு உயிரூட்டும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியை 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் உருவாக்கினார். அவசரத்தில் பிறந்த மொழி. அதில் வகைகளை முன்கூட்டி எழுதும் வழக்கம் இல்லை. திரையில் உள்ள பெட்டியில் நீங்கள் 50 என்று தட்டினால், அது நிரலுக்குள் போகும்போது எண்ணாகப் போகாது, ஐந்தும் பூஜ்யமும் சேர்ந்த எழுத்துக்கோவையாகப் போகும். அதனோடு மூன்றைக் கூட்டினால் 53 வராது, 503 வரும். ஐம்பது கிலோ ஏலக்காயோடு மூன்று கிலோ சேர்த்தவனுக்கு ஐந்நூற்று மூன்று கிலோவுக்குக் கணக்கு எழுதும் மொழி அது. வேடிக்கை என்னவென்றால் பெருக்கினால் சரியான விடை வந்துவிடும், கூட்டல் மட்டும்தான் காலை வாரும். எனவே சோதித்துப் பார்த்தவர் பெருக்கலை மட்டும் சோதித்திருந்தால் தவறு கண்ணுக்கே படாது.

திரைகள் சிறியனவாக இருந்தவரை இதைச் சமாளித்தார்கள். 2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்ற கருவியைப் பொதுவில் விட்ட பிறகு, திரையைச் சிறு சிறு பாகங்களாக அமைக்கும் பழக்கம் எங்கும் பரவியது. காம்பொனென்ட் என்று சொல்வார்கள். பெயர்ப் பெட்டி ஒரு பாகம், தேதிப் பெட்டி ஒரு பாகம், பொத்தான் ஒரு பாகம். ஒருவர் செய்த பாகத்தை நூறு பேர் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அப்போது இந்தப் பாகத்துக்கு என்னென்ன கொடுக்க வேண்டும், எது கட்டாயம், எது விருப்பம், எது எண், எது எழுத்து என்று எழுதி வைக்காவிட்டால் வேலை நடக்காது. ரியாக்ட் முதலில் இதை ஓடும்போது சரிபார்க்கும் முறையில் வைத்திருந்தது. அதாவது திரை திறந்து, தவறான விவரம் உள்ளே போன பிறகுதான் நிரல் எழுதுபவரின் பக்கத்தில் எச்சரிக்கை வரும்.

ஓடுவதற்கு முன்பே சரிபார்க்கும் முறைக்குத்தான் நிலையான வகைகள் என்று பெயர். நம் மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புத் திருத்துகிறோம். பிழை அங்கே அகப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வாசகர் கையில் மலர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் கண்டுபிடித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்கலாமே தவிர அச்சானதை அழிக்க முடியாது. நிலையான வகைகள் மெய்ப்பு. ஓடும்போது பார்ப்பது வாசகர் கடிதம். இந்த மெய்ப்பு வேலைக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. அதற்குத் தலைமை தாங்கிய ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க், முன்னர் டர்போ பாஸ்கலையும் பின்னர் சி ஷார்ப்பையும் உருவாக்கியவர். 1990-களில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த அன்பர்களுக்கு டர்போ பாஸ்கலின் நீலத் திரை நினைவிருக்கும். 2015-இல் ரியாக்ட் பாகங்களையும் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுத வழி வந்தது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19, பழைய ஓடும்போது பார்க்கும் முறையைக் கைகழுவியே விட்டது. போட்டி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

எதிர்ப்பாளர்களும் உண்டு. டேவிட் ஹைன்மியர் ஹான்சன் 2023-இல் தம் டர்போ என்ற தொகுப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்டையே நீக்கினார், பெரிய சர்ச்சை ஆயிற்று. தனி ஒருவரோ ஒரு சிறு குழுவோ செய்யும் தொகுப்பில் அவர் சொல்வது பொருந்தலாம். ஐம்பது பேர் கைபடும் திரையில் பொருந்தாது என்பது என் அனுபவம். கூட்டுக் குடும்பத்துச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டியில் எது எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் மலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்-ஏலம் இடுக்கிப் பக்கம் புத்தடியிலும், மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. 2021-இல் இரண்டு மையங்களிலும் ஒரே நேரத்தில் கேட்கும்படி இணையவழி ஏலமும் வந்தது. அப்படி ஒரு திரையை நீங்கள் அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை ஓர் எண், கிலோ ஓர் எண், கிலோவுக்கு விலை ஓர் எண். மூன்றையும் எண் என்று மட்டும் வரையறுத்தால், கிலோ வரவேண்டிய இடத்தில் மூட்டையைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் வாய் திறக்காது. 1999-இல் செவ்வாய்க் கிரகத்துக்குப் போன நாசாவின் விண்கலம் இப்படித்தான் அழிந்தது. ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, மறுதரப்பு நியூட்டன் கணக்கில் வாங்கிக்கொண்டது. இரண்டும் எண்தானே! மூட்டை ஒரு வகை, கிலோ ஒரு வகை என்று பிரித்து எழுதினால், மாற்றிக் கொடுத்தவுடன் மெய்ப்பிலேயே சிக்கிவிடும்.

அதே திரையில் இன்னொரு பாடமும் உண்டு. பல ஆண்டுகளாக ஏலக்காய் கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டியே இருந்தது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. ஐயாயிரத்துக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எண்ணி ஒருவர் விலைப் பெட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிரல் சரி, வகை சரி, வரம்பு மட்டும் உலகத்தோடு பொருந்தாது. இங்கேதான் நாம் பெயருக்கு வருகிறோம்.

ஒரு திரை அமைப்பாளர் பயனர் என்ற வகையை எழுதுகிறார். முதற்பெயர் எழுத்துக்கோவை, கட்டாயம். குடும்பப் பெயர் எழுத்துக்கோவை, கட்டாயம். இரண்டே வரி. எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகாது. இதற்குப் பின் அந்த நிறுவனத்தில் எழுதப்படும் ஒவ்வொரு பாகமும், ரசீதும், கடிதமும், பட்டியலும், அடையாள அட்டையும் இந்த இரண்டு வரியை நம்பியே எழுதப்படும். குடும்பப் பெயர் இல்லாத ஒருவரை உள்ளே விடவேண்டும் என்று பின்னாளில் யாரேனும் நினைத்தால், நூறு இடத்தில் மெய்ப்புப் பிழை எழும். உடனே மேலாளர், "இது பெரிய வேலை, அவர்களை ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்" என்பார். கண்டிப்பின் மறுபக்கம் இது. சரியான எண்ணத்தைக் கண்டிப்பாகக் காப்பது போலவே, தவறான எண்ணத்தையும் வகை வரையறை கண்டிப்பாகக் காக்கும்.

நம் பெயர் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் நிரல் எழுதும் இளைஞர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். முத்துசாமி மகன் செல்வம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் மு. செல்வம். மு என்பது தந்தையின் பெயருக்கு அடையாளம், குடும்பப் பெயர் அல்ல. அவருடைய மகனுக்கு அது வராது, செ என்றுதான் வரும். தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதை எப்படிக் குடும்பப் பெயர் என்பது? நம்மவர் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் இருப்பதற்கு வரலாறும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள், பலர் அங்கேயே விட்டார்கள். அப்படி மனமறிந்து விட்ட ஒன்றை, இன்று ஒரு சிவப்பு வரி திரும்பக் கேட்கிறது. சாதிப் பெயர் வேண்டாம் என்றால் தந்தை பெயரைப் போடு, அதுவும் இல்லையென்றால் உன் பெயரையே இரண்டு முறை போடு என்கிறது.

சி. என். அண்ணாதுரை என்ற பெயரில் சி காஞ்சிபுரத்தைக் குறிக்கும், என் நடராசனைக் குறிக்கும். ஏ. பி. ஜெ. அப்துல் கலாமின் பெயரில் ஜெயினுலாப்தீன் என்பது தந்தையின் பெயர். இவர்கள் இருவரையும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு பெட்டிக்குள் போடச் சொன்னால் எந்தத் தமிழாசிரியரும் திகைத்துத்தான் போவார்.

எங்களைப் போன்ற எல்லைக் குடும்பங்களில் சிக்கல் இன்னும் ஒரு பிடி கூடுதல். கேரளத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு, அது தந்தை பெயராகவும் இருக்கலாம், வீட்டுப் பெயராகவும் இருக்கலாம். தேனிப் பக்கம் முன்னால் எழுதுவோம். என் பெரியப்பா மகன் மேலே மலையாளப் பள்ளியில் படித்ததால் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. கம்பத்தில் படித்த அவன் தங்கைக்கு முன்னால் இருக்கிறது. ஒரே தகப்பன், ஒரே எழுத்து. ஒரு கல்லூரியின் இணையப் படிவம் அண்ணனை ஏற்றுக்கொண்டது, தங்கையை ஏற்கவில்லை. பெரியம்மா தொலைபேசியில் என்னிடம் கேட்டார், "ஏப்பா, நீ அந்த வேலைதானே பாக்குற? இவ அப்பா பேரைப் பின்னாடி போட்டுட்டா நாளைக்கு இவளை அப்பா பேரைச் சொல்லியா கூப்பிடுவாங்க?" ஆமாம் பெரியம்மா, அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திரையிலிருந்து தானாக எழுதப்படும் கடிதம் ஒவ்வொன்றும் அவளைத் தகப்பன் பெயரில்தான் விளிக்கும். சான்றிதழில் ஒரு பெயர், கல்லூரிப் பதிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆன பிறகு, ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவது அந்தக் குடும்பத்தின் செலவு, அலைச்சல்.

வெளிநாடு போனால் இதன் விலை ஏறும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கலாம், தடையில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிமுறையிலும் பெயரைப் பிரிக்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள், பிரிக்க முடியாத பெயரை முழுவதும் முதன்மை அடையாளமாகப் போடலாம். ஆனால் அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறி, முதற்பெயர் இடத்தில் எஃப் என் யூ என்று விழுகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த இடைவெளியில் மகனைப் பார்க்கப் புறப்பட்ட பெற்றோர்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள் என்பதை நம் குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எஃப் என் யூ விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெயர் இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு, சொல்ல விரும்பவில்லை என்பது வேறு. கணவன் இறந்த பெண்ணிடம் கணவர் பெயர் கேட்டு, காலியாக விட்டதற்குப் பெட்டி சண்டை போடுவதும் இந்தக் குழப்பம்தான். ஜாவாஸ்கிரிப்டில் இவற்றைப் பிரித்து எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலையான வகைகளின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பேன். 2016-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 2.0 முதல், காலியாக இருக்கலாம் என்பதை வெளிப்படையாக எழுதியே ஆகவேண்டும் என்று கட்டளையிட முடிகிறது. அதற்கும் மேலே போய், குடும்பப் பெயர் என்பது ஒன்று உண்டு, இதோ இது. அல்லது எங்கள் முறையில் அப்படி ஒன்றில்லை. அல்லது இன்னும் கேட்கவில்லை, என்று மூன்று தனித்தனி நிலைகளாகவே வகையை எழுதலாம். எழுதிவிட்டால் கடிதம் அச்சிடும் பாகத்தை எழுதுபவர் மூன்று நிலைக்கும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. மெய்ப்பு விடாது. எந்தக் கண்டிப்பு இதுவரை நம்மை வெளியே நிறுத்தியதோ, அதே கண்டிப்பு நமக்காகக் காவல் நிற்கும்.

எழுத்து எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஆனைக்கரை என்று எழுதிப் பாருங்கள். ஆ, னை, க், க, ரை. ஐந்து எழுத்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் எட்டு என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் ஐகாரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. சேமிக்கும் முறையைப் பொறுத்து 24 பைட் என்றும் வரலாம். இருபது எழுத்துக்கு மிகக்கூடாது என்ற பெட்டி ஆங்கிலப் பெயருக்கு இருபது தரும், தமிழ்ப் பெயருக்குப் பத்துப் பன்னிரண்டுதான் தரும். இடம் போதாமல் வெட்டினால் ஆனை ஆன ஆகிவிடும், புள்ளி பறிபோய் மெய் உயிர்மெய்யாகிவிடும். எழுத்துக்களை நாம் எண்ணுவது போலவே எண்ணித்தரும் வசதி இப்போது எல்லா உலாவிகளிலும் வந்துவிட்டது. குறியீட்டு எண்ணிக்கை ஒரு வகை, எழுத்து எண்ணிக்கை வேறு வகை என்று மூட்டையையும் கிலோவையும் பிரித்தது போல் பிரித்து எழுதுவதில் என்ன சிரமம்? தொலைபேசி எண்ணும் இதே சங்கதிதான், அது எண்ணே அல்ல. எங்கள் பக்கத்துத் தொலைபேசிகள் 04 என்று தொடங்கும். எண் வகையில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். யாரும் தொலைபேசி எண்ணைக் கூட்டிக் கழிப்பதில்லையே!

ஒரு எச்சரிக்கையும் தேவை. டைப்ஸ்கிரிப்டின் வகைகள் மெய்ப்போடு முடிந்துவிடும். ஓடும்போது அவை இருக்காது, அழிக்கப்பட்டுவிடும். வெளியிலிருந்து வரும் விவரத்தை அவை பார்ப்பதில்லை. குமிளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதுபோல், விவரம் உள்ளே நுழையும் இடத்தில் தனியாகச் சரிபார்க்கத்தான் வேண்டும். அந்தச் சாவடியில் நிற்பவர் புள்ளியையும் இடைவெளியையும் கண்டால் திருப்பி அனுப்புபவராக இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல வகை எழுதியும் பயனில்லை.

நம்மவரில் மூத்தோர் சிலர் வேறு வாதம் சொல்வார்கள். ஊரோடு ஒத்து வாழ், பிள்ளை பிறந்தவுடனே ஒரு குடும்பப் பெயரை வைத்துவிடு, தொல்லை விட்டது என்று. பிள்ளையின் வசதிக்காகச் செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது பெற்றோரின் உரிமை. ஆனால் எழுபது வயதில் ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணிடம் போய், அம்மா உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? இரண்டு வரி நிரலை மாற்றுவது எளிதா, எட்டுக் கோடிப் பேரின் வழக்கத்தை மாற்றுவது எளிதா? இது நம் தனிக் கோரிக்கையும் அல்ல. இணையப் பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். தரமே, பெயரைப் பிரித்துக் கேட்பதைவிட ஒரே பெட்டியில் கேட்பதை ஊக்குவிக்கிறது. பிரித்துக் கேட்பது மேற்கத்தியச் சாய்வைக் காட்டிவிடும் என்று காரணமும் சொல்கிறது. இந்தோனேசியரில் பலருக்கும் ஒற்றைப் பெயர்தான். ஐஸ்லாந்துக்காரர்களும் நம்மைப் போல் தந்தை பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் நிரல் எழுதும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். அவர்களிடம் நான் கேட்பது மிகச் சிறிது. பெயர் வகையை எழுதும்போது முழுப்பெயர் என்று ஒரே பெட்டி வையுங்கள், அது மட்டும் கட்டாயம். உங்களை எப்படி அழைக்கலாம் என்பது இன்னொரு பெட்டி, விருப்பமானால் நிரப்பலாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் உண்மையிலேயே தேவைப்படும் திரையில் மட்டும் அதற்கென்று தனி வகை வையுங்கள், அதில் குடும்பப் பெயர் இல்லை என்று சொல்லவும் ஓர் இடம் இருக்கட்டும். மேலாளர் ஏன் என்று கேட்டால், உங்கள் தாத்தாவின் பெயரைப் பலகையில் எழுதி, இதை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள் ஐயா என்று கேளுங்கள்.

இதை வெளியாருக்குச் சொல்லும் முன் நம் வீட்டைப் பார்ப்பதும் முறை. நம் சங்கத்தின் இணைய உறுப்பினர் படிவத்திலும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள்தான் இருக்கின்றன, எங்கோ ஆயத்தமாகக் கிடைத்த பாகத்தை எடுத்துப் பொருத்தியதால் வந்தது. அடுத்த செயற்குழுவில் அதை மாற்றும் தீர்மானத்தை நான் கொண்டுவர இருக்கிறேன். மாற்றித் தரும் வேலையையும் ஊதியமின்றி நானே செய்து தருகிறேன். பழைய பதிவுகளில் குடும்பப் பெயர் இடத்தில் புள்ளியும் கோடும் வைத்தவர்கள் இருந்தால் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சரியான பெயரைக் கேட்டு எழுத, மாலை நேரம் ஒழியும் அன்பர்கள் நான்கைந்து பேர் வேண்டும். மலேசியாவிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் குடும்பங்கள் தந்தை பெயருக்கு முன் ஏ சாய்கோடு எல், ஏ சாய்கோடு பி என்று எழுதுவார்கள். அந்தச் சாய்கோட்டையும் புதிய பெட்டி ஏற்கும்படி செய்துவிடுகிறேன்.